இரண்டாவது மடிக்கணினி யார் பொறுப்பு?

(முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களுக்கான படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டால் படிப்புக்கு எதை வாங்கலாம் என்று பேசச் சொன்னார்கள். நான் கணினி வல்லுநர் அல்ல. நூறாண்டுகளுக்கு முந்தைய தலித் இதழ்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். ஆனால் கடந்த பதினான்கு ஆண்டுகளில் என் கையில் மூன்று இயந்திரங்கள் செத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் செத்தபோது படிப்பும் கொஞ்ச காலம் நின்றது. அந்த அனுபவத்தில் இருந்து பேசுகிறேன். எதை வாங்குவது என்பது ஒரு கேள்வி. ஏன் ஒவ்வொரு முறையும் நாமே வாங்க வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

நம்மில் பலருடைய முதல் கணினி அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டு, ஒன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. 2012இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கணினி அதுதான். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம் மட்டுமே. நகர்ப்புறத்தில்கூட 23.4 சதவீதம்தான். அப்படிப்பட்ட நாட்டில், அரசுப் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளியின் பிள்ளை கையில் ஒரு மடிக்கணினி இருந்தது சாதாரண விஷயம் அல்ல.

அதை ‘ஓசி லேப்டாப்’ என்று சொன்னவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்லூரியில் அந்த இயந்திரத்தை மேசைமேல் வைத்தாலே நாம் எந்தப் பள்ளியில் படித்தோம், எந்த மாதிரி வீட்டில் இருந்து வருகிறோம் என்று தெரிந்துவிடும். அதற்கு அடுத்த கேள்வி ஊரில் எந்தத் தெரு என்பதாக இருக்கும். இப்படிக் கேலி பேசியவர்களுக்கு நீதிமன்றமே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தொலைக்காட்சி, மடிக்கணினி போன்றவற்றைத் தரும் தமிழ்நாட்டின் திட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்தது பிறகு அத்தியாவசியமாக மாறும் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரிய வழக்கு 2022இல் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆக, அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு திட்டம் வந்திருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தர 2,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் எந்தத் திட்டத்திலும் ஒருவருக்கு ஒரு முறைதான். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அது என்ன ஆனது, பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்க ஆள் இல்லை. முதல் மடிக்கணினிக்கு விழா நடக்கிறது. இரண்டாவது மடிக்கணினி யார் பொறுப்பு?

என்னுடைய முதல் இயந்திரத்தில் 2 ஜிபி ராம் இருந்தது. இளங்கலை முடிவதற்குள் பேட்டரி செத்துவிட்டது. அதன் பிறகு அது சுவரில் செருகி வைத்தால் மட்டும் ஓடும் கணினியாக இருந்தது. விடுதியில் ஓர் அறைக்கு ஒரு பிளக் பாயின்ட், அறையில் ஆறு பேர். முதுகலை இரண்டாம் ஆண்டில் முழுதாக நின்றுபோனது. பழுது பார்க்கும் அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, “மதர்போர்டு போயிருச்சும்மா. இதுக்குச் செலவு பண்றதுக்கு வேற ஒண்ணு வாங்கிறலாம்” என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘வேற ஒண்ணு’ எங்கிருந்து வரும்?

தவணைக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். ஆய்வு உதவித்தொகை சம்பளம் இல்லை. எனக்கு அது ஏழு மாதம் தாமதமாக வந்த ஆண்டும் உண்டு. நெட் தேர்வில் உதவித்தொகை பெறாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். கடைக்காரர் 30,000 ரூபாய் விலை போடும் மடிக்கணினிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400 ரூபாய். சாப்பாடு, விடுதி, பயணம் எதுவும் இல்லாமல் நாலரை மாத உதவித்தொகை அது. இதில் வரி மட்டும் 5,400 ரூபாய்.

இந்த வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. படிப்புக்கான பொருள் என்பதால் விலக்கு. சரி. ஆனால் அதே மாணவர் வீட்டுப்பாடத்தை இணையத்தில் ஏற்றவும், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யவும் வேண்டிய இயந்திரத்துக்கு 18 சதவீதம். நோட்டு படிப்பு, கணினி ஆடம்பரம் என்றுதான் இந்த வரி இன்னும் நினைக்கிறது. வேலை, விண்ணப்பம், தேர்வு, உதவித்தொகை எல்லாவற்றையும் இணையத்தில் மட்டும் வைத்துவிட்டு இப்படி நினைப்பதற்கு என்ன பொருள்?

பணம் இல்லாவிட்டால் இரவல்தான். இரவல் என்றால் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது. துறைக் கணினி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? மாலை ஐந்து மணிக்கு மேல் யாருக்காக அது திறக்கும்? அறைத் தோழியிடம் கணினி கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்ய வேண்டும். நெறியாளரின் அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தால், அவருடைய வேலையையும் நாம்தான் செய்து தர வேண்டியிருக்கும். என் இயந்திரம் இல்லாத மாதங்களில் இது எல்லாமே நடந்தது. உதவி கேட்டு நிற்கும் நிலையில் ஒருவரை வைத்திருப்பது அதிகாரத்தின் பழைய வழி. சொந்தக் கணினி இருந்தால், நெறியாளரிடம் ‘இல்லை, சார்’ என்று சொல்லும் தைரியம் கொஞ்சம் கூடுதலாக வரும். அதனால்தான் இதை வெறும் பொருள் வாங்கும் விஷயமாக நான் பார்ப்பதில்லை.

சரி, எதை வாங்குவது?

முதலில், கைக்கணினியா மடிக்கணினியா என்ற கேள்வி. பள்ளிப் பிள்ளைக்குப் பாடக் காணொளி பார்க்கவும், பிடிஎஃப் படிக்கவும் கைக்கணினி போதும். பேட்டரி நிற்கும், எடை குறைவு. எனக்கும் பழைய இதழ்களின் மின்படிகளை வாசிக்க அதுதான் வசதி. ஆனால் எழுத வேண்டியவருக்கு அது போதாது. அடிக்குறிப்பு, அட்டவணை, துணைநூற்பட்டியல், இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என்று வரும்போது கைக்கணினி திணறும். தனி விசைப்பலகை, உறை, பேனா எல்லாம் சேர்த்தால் விலையும் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குப் பார்க்கும் கருவியை மட்டும் கொடுத்துவிட்டு, எழுதும் கருவியை வேறு யாருக்கோ விடக் கூடாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மடிக்கணினியே வாங்குங்கள்.

அடுத்தது தட்டச்சு. ஆய்வேட்டைக் கையால் எழுதிக் கணினி மையத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்த தலைமுறை நம்முடையது. அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். வேறு கணினியில் திறந்தால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999இல் உருவான தமிழ் 99 விசைப்பலகையை ஒரு மாதம் பழகினால் போதும். யூனிகோடில் அடித்தால் எந்தக் கணினியிலும் திறக்கும், தேடவும் முடியும். அந்தச் செலவும் காத்திருப்பும் மிச்சம்.

மூன்றாவது, புதியதா பழையதா. கையில் காசு குறைவு என்றால், மட்டமான புதியதைவிட நல்ல பழையது மேல். நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற வகைகள் உறுதியானவை. உதிரிப் பாகம் கிடைக்கும், திருகைக் கழற்றி ராம் மாற்றக்கூடியவை பல உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும், எல்லாப் பெரிய ஊர்களிலும் இவற்றை விற்கும் கடைகள் இருக்கின்றன. பில்லும் எழுத்தில் உத்தரவாதமும் தராத கடையில் வாங்காதீர்கள். அங்கேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள். பேட்டரி முதலில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்ற அறிக்கையை விண்டோஸிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பயாஸில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்காவது, குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை மிகக் குறைந்த இயந்திரங்கள் சிலவற்றில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். பலகை போனால் நம் கோப்புகளும் போய்விடும். தனி எஸ்எஸ்டி என்றால், இயந்திரம் செத்தாலும் அதைக் கழற்றி, சில நூறு ரூபாய் உறையில் போட்டு வேறு கணினியில் திறக்கலாம். களப்பணிப் பேட்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும், ஆய்வேட்டின் ஒரு படி இணையத்திலும் ஒரு படி பென் டிரைவிலும் இருக்கட்டும்.

ஐந்தாவது, வாங்குவதற்கு முன் பழையதை ஒரு முறை திறந்து பாருங்கள். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 பெரும்பாலும் 2017க்குப் பிந்தைய செயலிகளையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. இதைச் சொல்லியே உங்கள் கணினி குப்பை என்பார்கள். குப்பை இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டி, லினக்ஸ் நிறுவினால் பல பழைய இயந்திரங்கள் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு ஓடும். லிப்ரே ஆஃபிஸில் தமிழ் நன்றாக வேலை செய்கிறது. துறை கேட்கும் ஏதாவது ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தனி ஆள் செய்யக்கூடியது. ஆனால் தனி ஆளின் சாமர்த்தியத்தில் தீர்ந்துவிடும் சிக்கல் இது இல்லை.

நான் ஆய்வு செய்யும் காலத்தில் இருந்தே ஒன்றைச் சொல்கிறேன். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயரில் வைத்தார். யார் கையில் இந்தத் தாள் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு விலையை வைத்ததாகவே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அறிவுக் கருவியின் விலை அரசியல் என்று நம் முன்னோடிகளுக்குத் தெரிந்திருந்தது. நாம் அதைக் கணினிக்கும் கேட்க வேண்டும்.

என்ன கேட்கலாம்? மாணவர்கள் வாங்கும் மடிக்கணினிக்கு நோட்டுப் புத்தகத்தைப் போல வரி விலக்கு. அரசு கொடுத்த மடிக்கணினியைப் பழுது பார்க்க மாவட்டத்துக்கு ஒரு மையமாவது. ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகக்கூடிய பத்து கணினிகள். பழுதான மாணவருக்கு அடுத்தது கிடைக்கும் வரை அதில் ஒன்று. நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்கும்போது யாரும் தலைகுனிவதில்லை அல்லவா? கணினியும் அப்படிக் கிடைக்க வேண்டும். ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும். வராத மாதத்தில் கணினி பழுதானால் ஆய்வே நிற்கிறது.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய்விட்ட தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகம் கழிக்கும் கணினிகள் எங்கே போகின்றன என்று விசாரியுங்கள். ஒரு படிப்பு வட்டத்துக்கு மூன்று உபரி இயந்திரங்கள் இருந்தால் ஓர் ஆண்டில் எத்தனை பேருடைய தேர்வையும் ஆய்வேட்டையும் அது காப்பாற்றும்! பழுது பார்க்கத் தெரிந்த தோழர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கொடுங்கள். எஸ்எஸ்டி மாற்றவும், லினக்ஸ் நிறுவவும் நம் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

2020இல் பள்ளிகள் மூடியபோது, இணைய வகுப்புக்குக் கருவி இல்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அன்று அதைப் பேரிடர் என்றோம். இன்று பேரிடர் இல்லை, ஆனால் ஏதோ ஒரு விடுதியில் யாரோ ஒருவருடைய இயந்திரம் இந்த வாரம் நின்றிருக்கும். அவர் யாரிடமும் சொல்லாமல் தன் படிப்பைச் சுருக்கிக்கொண்டிருப்பார். உங்கள் வகுப்பில், உங்கள் விடுதியில் அவரைத் தேடிப் பிடியுங்கள். கூட்டம் முடிந்ததும், உபரிக் கணினிகளுக்கான பதிவேடு ஒன்றைத் தொடங்குகிறோம். தர முடிந்தவர்களும் தேவைப்படுபவர்களும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.