எங்களில் சிலர்



இந்த மாநாட்டுக்கு நான் தலைமை தாங்க வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது, வேறு யாருக்கோ போக வேண்டிய அழைப்பு தவறி என்னிடம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்வரிசையில் என் ஆசிரியர் அமர்ந்திருக்கிறார். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தந்தவர் அவர். மேடையேறும்போதே அவர் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

ஆங்கில முடியாட்சிக்கு எதிரான கார்ன்வால் எழுச்சிகள் என்பது நம் தலைப்பு. தலைமை உரை ஆற்றுபவர் தலைப்பை ஒரு முறையாவது வலம் வர வேண்டும் என்பது மரபு. வந்துவிடுகிறேன். 1497இல் ஸ்காட்லாந்துப் போருக்காக ஏழாம் ஹென்றி வரி கேட்டார். வடக்கு எல்லைச் சண்டைக்குத் தென்மேற்கு முனையில் இருப்பவன் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கார்ன்வால் கேட்டது. செயின்ட் கெவர்ன் ஊர்க் கொல்லர் மைக்கேல் ஜோசப்பும் பாட்மின் வழக்கறிஞர் தாமஸ் ஃப்ளாமங்க்கும் கூட்டத்தை நடத்திச் சென்றார்கள். வெல்ஸ் நகரில் ஆட்லி பிரபு வந்து சேர்ந்தார். லண்டன் வாசல்வரை நடந்தவர்கள் ஜூன் 17 அன்று டெப்ட்ஃபர்ட் பாலத்தருகே தோற்றார்கள். பத்தாம் நாள் கொல்லரும் வழக்கறிஞரும் டைபர்னில் உயிரிழந்தார்கள். பிரபுவுக்கு மறுநாள் தலை போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், அரசுரிமை கோரிய பெர்க்கின் வார்பெக் அங்கே வந்து இறங்கி, பாட்மினில் தன்னை அரசனென்று அறிவித்து, எக்ஸெட்டரை முட்டிப் பார்த்து, தன் படையை விட்டுவிட்டு ஓடினான். 1508இல் ஹென்றி 1000 பவுண்டு வாங்கிக்கொண்டு வெள்ளீயச் சுரங்கத்தாரின் பழைய உரிமைகளைத் திருப்பித் தந்தார். 1549 பற்றிப் பிறகு பேசுகிறேன். அரசர் பக்கம் நின்ற 1648 எழுச்சி நாளைப் பிற்பகல் அமர்வுக்கு உரியது. அதில் கை வைக்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும். மைக்கேல் ஜோசப்பை ‘ஆன் கோஃப்’ என்கிறோம். கார்னிஷ் மொழியில் கொல்லர் என்று பொருள். அந்தப் பட்டப்பெயரை வைத்துக்கொண்டு அவரை உலகின் முதல் தொழிற்சங்கத் தலைவராக்கும் கட்டுரை ஒன்று ஆண்டுதோறும் நமக்கு வந்துகொண்டிருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் ஊர்க் கொல்லர் கூலியாள் அல்லர் என்பது கிராமத்தில் பிறந்த நம் எல்லாருக்கும் தெரியும். கட்டுரையாளர் அவையில் இருந்தால் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது போன ஆண்டுக் கட்டுரையை.

எனக்கும் கார்ன்வாலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கம் நடத்தியபோது மேற்பார்வைக்குக் கார்ன்வால் சுரங்கத்தாரைக் கூட்டிவந்தது. தாத்தாவுக்கு அவர்கள் எல்லாருமே துரைமார்தான். இவர்களுடைய முப்பாட்டன்மார் லண்டன்மீது படையெடுத்தவர்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் ஒரு துரையின் பெயரைக் கடைசிவரை சரியாகச் சொல்வார். அது ‘டிரெ’ என்று தொடங்கும். டிரெ என்றால் கார்னிஷ் மொழியில் பண்ணைவீடு, குடியிருப்பு. ஊர்ப் பெயர்களிலும் குடும்பப் பெயர்களிலும் அது அங்கே மலிந்து கிடக்கும். நான் இன்று பேச வந்திருப்பதும் ‘டிரெ’ என்று தொடங்கும் ஒரு பெயரைப் பற்றித்தான்.

1549க்கு வருகிறேன். ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு. அன்று முதல் இங்கிலாந்து முழுவதும் லத்தீன் வழிபாடு நின்று, ஆங்கிலப் பொது வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே அண்டை மாவட்டமான டெவனில் சாம்ப்ஃபர்ட் கோர்ட்னி ஊரார் தங்கள் பாதிரியாரைப் பழையபடி லத்தீனில் பூசை வைக்கச் செய்தார்கள். கார்ன்வாலில் பாட்மினில் கூடியவர்களுக்கு ஹம்ஃப்ரி அருண்டெல் தலைவரானார். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 6 வரை எக்ஸெட்டரை முற்றுகையிட்டது. நகருக்குள் அடைபட்டிருந்த ஜான் ஹூக்கர் பிற்காலத்தில் அதை எழுதி வைத்தார். மதிலுக்கு வெளியே இருந்த யாரும் எழுதவில்லை. அரசப் படையிடம் பிடிபட்டவர்கள் எக்ஸெட்டருக்கு வெளியே கிளிஸ்ட் ஹீத்தில் கொல்லப்பட்டார்கள். 900 பேர், பத்தே நிமிடம் என்ற கணக்கைக் கட்டுரைகளில் ஏற்றும் தோழர்கள் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் எனக்காக விட்டுவிட வேண்டும். கொலையின் கொடுமைக்குக் கடிகாரம் தேவையில்லை.

முற்றுகை முகாமிலிருந்து எழுந்த கோரிக்கைப் பட்டியலில் ஒரு பிரிவுதான் நம் துறையின் நெடுநாள் வழக்கு. புதிய வழிபாட்டைக் கிறிஸ்துமஸ் விளையாட்டுக்கு ஒப்பிட்டுப் பரிகாசம் செய்துவிட்டு, கார்ன்வால்காரர்களான எங்களில் சிலருக்கு ஆங்கிலம் விளங்காது என்பதால் இந்தப் புது ஆங்கிலம் வேண்டாம் என்கிறது அது. அடைப்புக்குறிக்குள் வரும் அந்த ‘சிலர்’ நூறு ஆண்டுகளாக நம்மை இரு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

ஒரு கட்சிக்கு இது மொழிப்போர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நமக்கு உடம்பு சிலிர்க்கும். காரணம் வேறு ஊர், வேறு ஆண்டு. சிலிர்ப்பைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி அறியாத டெவன்காரர்கள் ஒரு நாளும் தாமதிக்காமல் அதே நூலை எதிர்த்தார்கள். கார்ன்வால்காரர்களோ கார்னிஷில் வழிபாடு கேட்கவில்லை, லத்தீனைத்தான் கேட்டார்கள். மொழிப்போர் என்றால் எந்த மொழிக்காக?

மறு கட்சி இதையே சொல்லி எழுந்து போய்விடும். கான்டர்பரி பேராயர் கிரான்மர் எழுதிய மறுப்பின் சாரமும் அதுதான். சிலருக்கு ஆங்கிலம் புரியாது என்று அதை ஒதுக்குகிறீர்களே, உங்களில் எத்தனை பேருக்கு லத்தீன் புரியும் என்று மடக்கினார். கேட்டதும் நம்மில் பலர் ஆட்டம் முடிந்தது என்று பாயைச் சுருட்டிவிடுகிறோம். முன்பொரு கருத்தரங்கில் நான் மறுத்துப் பேசியபோது, தலைமை வகித்த பெரியவர், தம்பிக்குக் கிரான்மரைவிட அதிகம் தெரியும் போலிருக்கிறது என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். விடையை இருபது ஆண்டுகள் கழித்துச் சொல்ல வாய்ப்புத் தந்த மாநாட்டுக் குழுவுக்கு நன்றி.

விடை இதுதான். லத்தீனை யாரும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பீடத்தில் நடப்பது லத்தீனில் நடக்கும். அதைச் சுற்றி மற்றதெல்லாம் ஊர்ப் பேச்சில் நடக்கும். எக்ஸெட்டர் ஆயர் ஜான் வேசி 1538இல் ஆங்கிலம் வழங்காத இடங்களில் ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் கார்னிஷில் கற்பிக்க வழி விட்டிருந்தார். பென்ரின் நகரிலிருந்த கிளாஸ்னி கல்லூரியைச் சுற்றிக் கார்னிஷ் நாடகங்கள் வளர்ந்தன. புனித மெரியாசெக்கின் வாழ்க்கை நாடகம் 1504ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படியாக இன்றும் இருக்கிறது. லத்தீன் கார்னிஷை அந்த இடங்களிலிருந்து தள்ளவில்லை. அதற்குத் தெருப்பேச்சில் போட்டியிட ஆசையே இல்லை. ஆங்கில நூலோ கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றது. அந்தக் கணமே அது கார்னிஷ் உட்கார்ந்திருந்த இடங்களையெல்லாம் கேட்டது. கிரான்மர் லத்தீனோடு ஆங்கிலத்தை நிறுத்துப் பார்த்தார். கார்ன்வால்காரர் தராசில் மூன்றாவதாக ஒரு மொழி இருந்தது. அதைப் பேராயர் காணவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆங்கில நூலைக் கட்டாயமாக்கிய 1549 சட்டமே பல்கலைக்கழகங்களில் அன்றாட வழிபாட்டை கிரேக்கத்திலும் லத்தீனிலும் எபிரேயத்திலும் நடத்த இடம் தந்தது. ஆக்ஸ்ஃபர்டு மாணவனுக்கு எபிரேயம் கூடும். பாட்மின் மீன்காரிக்குக் கார்னிஷ் கூடாது. கிளாஸ்னி கல்லூரியையும் அதற்கு முந்தைய ஆண்டே மூடிவிட்டார்கள். கார்னிஷில் எழுத வல்ல குருமார் கூடிய வீட்டைப் பூட்டிவிட்டு, உங்கள் மொழியில் நூல் கேட்டீர்களா என்றால் யார் கேட்பது?

இப்போது ‘சிலர்’. ஆண்ட்ரூ போர்ட் என்ற மருத்துவர் 1540களில் எழுதிய பயண நூலில், கார்ன்வாலில் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசத் தெரியாத ஆண்களும் பெண்களும் பலர் என்கிறார். வெளியாளுக்குப் பலராகத் தெரிந்தவர்கள் உள்ளூர்க் கோரிக்கையில் ஏன் சிலராகச் சுருங்கினார்கள்? கோரிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, டெவன்காரர்களோடு உட்கார்ந்து எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஆங்கிலம் தெரிந்த ‘மற்றவர்கள்’. அரசரிடம் முறையிடும்போது, எங்களில் சிலர் அறியாதவர்கள் என்று குறைத்துச் சொல்வது வழக்கறிஞர் புத்தி. அந்தச் சொல்லை மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொண்டு வாய்பாடு போடுபவர்களிடம் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

இனி என் டிரெ. ஜான் டிரெகேர் என்ற குரு, மேரி அரசியின் காலத்தில் லண்டன் ஆயர் போனர் 1555இல் வெளியிட்ட பன்னிரண்டு மறையுரைகளைக் கார்னிஷில் பெயர்த்தார். நமக்குக் கிடைத்திருக்கும் பழைய கார்னிஷ் உரைநடையில் மிக நீண்டது அதுதான். ஆனால் 1949 வரை அது ஒரு வேல்ஸ் குடும்பத்தின் காகிதக் கட்டுகளுக்குள் கிடந்தது. ஜான் மெக்கெக்னி கண்டெடுத்தார். இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. ஏ. எல். ரௌஸ் தம் ‘டியூடர் கார்ன்வால்’ நூலை வெளியிட்டது 1941இல். 1913இல் இந்த எழுச்சியைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதிய ஃப்ரான்சஸ் ரோஸ்-ட்ரூப் அம்மையாரும் அதைப் பார்த்திருக்க வழியில்லை. இருவரையும் நான் குறை சொல்லவில்லை. 1949க்குப் பிறகு எழுதிய நமக்கு அந்தச் சாக்கு இல்லை. மார்க் ஸ்டோயிலும் ஃபிலிப் பேட்டனும் கார்ன்வால்காரரின் தனித்த அடையாளத்தை மையத்துக்குக் கொண்டுவந்ததற்குப் பிறகாவது இந்த ஏட்டை வரலாற்றுச் சான்றாக எடுத்திருக்க வேண்டும். நம் கட்டுரைகளிலோ டிரெகேர் அடிக்குறிப்பில் நின்றபடி காத்திருக்கிறார்.

ஏன் ஒதுக்கினோம் என்பதும் தெரியும். அவர் நடை கலப்பு நடை. ஆங்கிலச் சொற்கள் வரிக்கு வரி வந்து உட்காரும். தூய கார்னிஷ் தேடிப் போனவர்களுக்கு அது கசக்கிறது. ஒரு மதிப்புக்குரிய நண்பர் அதைக் கலப்படம் என்றே எழுதினார். மணிப்பிரவாளத்தைத் தமிழ் இல்லை என்று ஒதுக்கிவிட்டால், வைணவ உரையான ஈட்டைப் படித்தவர்கள் என்ன மொழியில் படித்தார்கள் என்று சொல்வோம்? டிரெகேரின் கலப்புதான் அவருடைய சாட்சியம். கேட்பவர்களுக்கு மறையியலின் பெரிய சொற்கள் ஆங்கிலத்தில் பழகியிருந்தன. வாக்கியம் கார்னிஷில் ஓடினால்தான் பொருள் நெஞ்சில் இறங்கும். அப்படியானால் ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஊரை வேலிபோட்டு இரண்டாக்க முடியாது. சந்தையில் விலை பேசவும் வரி கட்டவும் போதுமான ஆங்கிலம், சாகும்போது ஜெபிக்கப் போதாமல் இருக்கலாம்.

அந்த உரைகள் பிரசங்க மேடை ஏறியதற்குச் சான்று எங்கே என்று என் ஆசிரியர் எழுதிக்கொண்டிருப்பார். ஏறியிருக்க வேண்டாம் ஐயா. எழுச்சி நசுக்கப்பட்டு அருண்டெல் 1550 ஜனவரியில் டைபர்னில் தூக்கிலிடப்பட்டு, சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மேரியோடு பழைய சமயம் திரும்பியதும் ஒரு கார்ன்வால் குரு செய்யத் துணிந்த வேலை கார்னிஷில் உரை எழுதுவது. லத்தீன் பூசை திரும்பிவிட்டது, அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. பூசையைச் சுற்றியிருந்த பேச்சையும் மீட்கப் பார்த்தார். 1549இல் எதை இழப்போம் என்று அஞ்சினார்கள் என்பதற்கு முற்றுகை முகாமின் ஆங்கிலக் காகிதத்தைவிட இந்த ஏடு நெருக்கமான சாட்சி என்பது என் வாதம்.

வேல்ஸுக்கு 1567இல் வழிபாட்டு நூலும் புதிய ஏற்பாடும், 1588இல் முழு வேதாகமமும் அதன் மொழியிலேயே கிடைத்தன. கார்ன்வாலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்காததால் கிடைக்கவில்லை என்று இனிமேலாவது எழுதாதீர்கள்.

செயலாளரின் இரண்டாவது துண்டுச்சீட்டு வந்துவிட்டது. கேரு பற்றி மட்டும் சொல்லி அமர்கிறேன். ரிச்சர்ட் கேரு 1602இல் வெளியிட்ட கார்ன்வால் விவர நூலில், கார்னிஷ் ஏறத்தாழ ஒதுங்கிவிட்டது, ஆங்கிலம் அறியாதவர் மிகச் சிலர் என்கிறார். ஆனாலும் வழி கேட்கும் அயலானுக்குச் சிலர் கார்னிஷில் ஒரே விடைதான் தருவார்களாம். அதன் பொருள், எனக்குச் சாக்சன் பேச்சுப் பேசத் தெரியாது என்று கேரு எழுதுகிறார். அவர் பதிந்து வைத்திருக்கும் கார்னிஷ் சொற்களைப் பாருங்கள். அதில் வரும் வினை தெரிதலைக் குறிப்பதன்று, விருப்பத்தைக் குறிப்பது. பேச மாட்டேன் என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். பெரிய மனிதர் காதில் தெரியாது என்று விழுந்திருக்கிறது. 1549 முகாமில் அந்த அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் ‘விளங்காது’ என்று எழுதியவர், கார்னிஷில் தமக்குச் சொல்லப்பட்ட எந்த வினையை அப்படிப் பெயர்த்தார் என்ற கேள்வியை இந்த அவையின்முன் வைக்கிறேன்.

முதல் கட்டுரை டெவன் தரப்பைப் பற்றியது. கட்டுரையாளர் பத்து ஆண்டுகளாக என்னோடு உடன்படாதவர். நான் பேசும்போது அவர் மூன்று முறை தலையை ஆட்டியதையும் பார்த்தேன். வாருங்கள் அம்மா, ஒலிவாங்கியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.