நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம்



சென்ற ஆண்டு நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஃபஜ்ருத் தொழுகைக்கு உளூச் செய்யும்போது மயங்கி விழுந்தார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. சர்க்கரை நோய்க்கு ஒரு மருத்துவரிடமும், இதய நோய்க்கு வேறொருவரிடமும் அவர் சிகிச்சை பெற்று வந்தார். இருவருடைய சீட்டுகளிலும் ஒரே சர்க்கரை மருந்து இரு வேறு பெயர்களில் இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். "சொன்னபடிதானே ஹஜ்ரத் சாப்பிட்டேன்" என்று அவர் கூறியபோது நம்மிடம் பதில் இல்லை.

உறுப்புக்கு ஒரு மருத்துவர் என்று சிதறிக் கிடக்கும் சிகிச்சையை, நோயாளியை மையமாகக் கொண்டு ஒருங்கிணைக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்டது. அதற்குத் தொழில்நுட்பம் இன்று துணை நிற்கிறது.

நம் நாட்டில் 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. இதில் விரும்புவோர் 'ஆபா' எனும் 14 இலக்க எண்ணைப் பெறலாம். மருந்துச் சீட்டுகளும் பரிசோதனை முடிவுகளும் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். இந்த எண் அவற்றை இணைக்கும். எந்த விவரத்தை, எவருக்கு, எவ்வளவு காலத்திற்குக் காட்டுவது என்பதை நோயாளியே முடிவு செய்வார். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. ஆயினும் எண் பெற்றால் மட்டும் போதாது. சிகிச்சை பெறும் இடமும் இத்திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும் நாம் அறிவோம். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. வெளியே செல்ல இயலாத நம் முதியோருக்கும் பெண்களுக்கும் இது பேருதவி.

எனினும் ஓர் எச்சரிக்கை. ஒருவரின் நோய் விவரம் அமானிதமாகும். தாயின் கைப்பேசி மகனிடம் இருக்கலாம். அதற்காகத் தாயைக் கேளாமல் அவருடைய விவரங்களைப் பார்ப்பதோ பிறரிடம் கூறுவதோ முறையன்று. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லலாகாது.

ஜமாஅத்தார்களே! கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். குறிப்பாக, ரமளானுக்கு முன்னர் அத்தாளுடன் சென்று, நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா எனக் கேளுங்கள். கைப்பேசி அறிந்த நம் இளைஞர்கள் முதியோர் அருகில் அமர்ந்து இப்பணிக்கு உதவ வேண்டுகிறோம்.

அந்தப் பெரியவர் அல்லாஹ்வின் கிருபையால் நலம் பெற்று, முதல் ஸஃப்பில் நிற்கிறார். இன்னொருவர் அவ்வாறு விழாமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பாகும். வஸ்ஸலாம்.