பேர் ஒன்று, நேரம் வேறு
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழியர்களே, 1984இல் வேலைநிறுத்தம் செய்துதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வாங்கினோம். அந்தப் போராட்டத்தில் நின்ற அம்மாமார் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள்.

ஆனால் நேரம்? கவ்வாத்துக்குப் போகும் ஆண், கொடுத்த கணக்கை வெட்டி முடித்தால் பகலோடு வீடு திரும்பலாம். அவருக்கு முழுப்பேர். லேசான வேலை என்று சொல்லவில்லை, கத்தி பிடித்தவருக்குத் தெரியும். நாமோ காலைப் பெரட்டிலிருந்து அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை மலையில். கிலோ குறைந்தால் அரைப்பேர். ஈரம் என்று தராசில் கழிப்பதும் நம் கொழுந்தில்தான்.

கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கங்காணியும் நிறுக்கிறவரும் பெரும்பாலும் ஆண்கள். நம் சங்கத்தில் மட்டும் வேறா? சந்தா நம் சம்பளத்திலும்தான் வெட்டப்படுகிறது. பதவி என்று வந்தால் மாதர் தலைவியோடு நம்மை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த மாதக் கமிட்டியில் இரண்டு கேட்போம். கொழுந்து நிறுக்கும்போது நம்மில் ஒருத்தி தராசருகே நின்று எழுத வேண்டும். தோட்டத் தலைவர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரும் வர வேண்டும். கூட்டம் ஞாயிறு காலை. உடுப்புத் துவைக்க இருக்கிறது என்று யாரும் சொல்லாதீர்கள். அன்றைக்கு அண்ணன்மார் துவைக்கட்டும்.