இரும்புக் கேட்டுக்குப் பூட்டு



ஒரு ஆட்டுக்கார அக்கா. நான்கு ஆடுகள்தான் அவர் சொத்து. பட்டிக் கேட்டின் கொண்டி துருப்பிடித்து ஒடிந்தது. புதுக் கொண்டியும் திண்டுக்கல் பூட்டும் வாங்கினார். தானே பொருத்தினார்.

கேட்டு தொங்கியிருந்தது. முதலில் கீலை முடுக்கினார். கேட்டைச் சாத்தி, பிறகுதான் சாக்பீஸால் குறி போட்டார். திறந்து வைத்துக் குறித்தால் கொண்டி வளையத்தில் சேராதே!

குறியில் கான்கிரீட் ஆணி வைத்துத் தட்டினார். சிறு குழி விழுந்தது. இனித் துளை போடும் மெஷின் வழுக்காது. முந்தானையை இறுக்கிச் செருகினார். துணி சிக்கினால் கையே போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டார்.

போல்ட்டின் உருண்டைத் தலை வெளியே. நட்டு உள்ளே. நட்டு வெளியே இருந்தால் திருடனுக்கு ஒரு ஸ்பானர் போதும். போல்ட் முனையைச் சுத்தியலால் நசுக்கினார். இனி நட்டு கழலாது.

ஒரு சாவி அவர் இடுப்பில். இன்னொன்று மாமியாரிடம்.