மருந்து வரும் முன் மருத்துவர் வரட்டும்

(சாமல்பட்டியில் கூடிய கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தச் செல்வத்துக்கு நோய் வந்தால் மருந்தை எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது என்பது பற்றிச் சில சொல்லும்படி என்னைக் கேட்டுக் கொண்டீர்கள். சிறிய கேள்வி போலத் தோன்றினும், ஒரு குடும்பத்தின் வருவாயும், அக்குடும்பம் ஊற்றும் பாலைக் குடிக்கும் குழந்தைகளின் நலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்தது உங்கள் ஊர். இப்பக்கத்து இளைஞர் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஊரில் பெற்றோர் மாடு வளர்க்கின்றனர். "பசு தீனி எடுக்கவில்லை, உடம்பு சோர்ந்து கிடக்கிறது" என்று தாய் தொலைபேசியில் சொல்கிறாள். மகன் இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் தேடி, விலை குறைந்த மருந்தாகப் பார்த்துப் பணம் கட்டி விடுகிறான். சில நாட்களில் பொட்டலம் வாசலுக்கு வந்து சேருகிறது. பிள்ளையின் அக்கறையை நான் குறை கூற வரவில்லை. நான் கேட்பது ஒன்றே: இத்தனைக்கும் நடுவில் பசுவைத் தொட்டுப் பார்த்தவர் யார்?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். இணையவழியில் வரும் பொட்டலத்தில் இந்நான்கில் ஒன்று மட்டுமே இருக்கிறது. நோயாளி தொழுவத்தில் இருக்கிறது. பேணுவதற்குத் தாய் இருக்கிறாள். மருத்துவன் மட்டும் இல்லை.

பெயரால் ஏமாறலாம்

நீங்கள் அறிந்த நோய்களையே எடுத்துக் கொள்வோம். நன்றாகப் பால் தரும் கலப்பினப் பசு கன்று ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்து விடுகிறது; கழுத்தை விலாப்புறம் மடித்துக் கொள்கிறது. இதற்குப் 'பால் காய்ச்சல்' என்று பெயர். பெயரில்தான் காய்ச்சல்; உடம்பில் காய்ச்சல் இல்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைவதால் வருவது இது. பெயரைக் கேட்டுக் காய்ச்சல் மருந்து தருவித்தால் பயன் இல்லை. சுண்ணாம்புச் சத்து மருந்தையே வாங்கினாலும், அதை இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்று விடக் கூடும். இதயத் துடிப்பைக் கேட்டுக் கொண்டே மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். மேலும் இந்நோய் மணிக் கணக்கில் முற்றுவது. பொட்டலம் வரும்வரை பசு காத்திராது.

மற்றொன்று உண்ணியால் வரும் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது நுண்ணிய ஒட்டுயிர்கள் இரத்தத்தில் புகுகின்றன. ஒருவகையில் சிறுநீர் சிவந்து போகும். மற்றொரு வகையில் நிணநீர்க் கட்டிகள் வீங்கும். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்வதே நேரிய வழி. வெறும் காய்ச்சல் மருந்து ஒருநாள் சூட்டைத் தணிக்கும். உள்ளே இரத்தம் குறைந்து கொண்டே போகும்.

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது எளிய வேலை என்று எண்ணுகிறோம். ஆனால் 'அல்பெண்டசோல்' என்னும் மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் உள்ள செம்மறிக்குக் கொடுக்கலாகாது; கருவுக்குக் கேடு நேரும். பசுவுக்கு முதல் 45 நாட்கள் இவ்விலக்கு உண்டு. காவல் நாய்க்கும் இதே கதைதான். மாட்டுக்கு வாங்கிய 'ஐவர்மெக்டின்' ஊசி மருந்தைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவது ஆபத்து. நாயின் மேல் உண்ணிக்காகத் தடவும் 'பெர்மெத்ரின்' பூனையைக் கொன்று விடும்.

பாலில் கலக்கும் மருந்து

மடிநோய்க்கு வருவோம். பால் திரிந்து, மடி வீங்கியதும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாமே வாங்கிப் போடுவோர் உளர். இரண்டு நாளில் வீக்கம் வற்றியதும் நிறுத்தி விடுகிறார்கள். அரைகுறையாக மருந்து பெற்ற கிருமி சாவதற்குப் பதிலாக அம்மருந்தை எதிர்க்கப் பழகிக் கொள்கிறது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இந்த அபாயத்தை எடுத்துரைத்தார். அன்று அவர் அஞ்சியதை இன்று நாம் காண்கிறோம். மனிதரைக் காக்கும் கடைசிக் கருவிகளுள் ஒன்றான 'கொலிஸ்டின்' மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதை 2019இல் மத்திய அரசு தடை செய்ததும் இக்காரணம் பற்றியே.

மருந்து மடியோடு நிற்பதில்லை, பாலில் வருகிறது. அப்பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாததை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். தயிராக்கும் நல்ல நுண்ணுயிரையும் மருந்து கொன்று விடுவதே காரணம். காய்ச்சினாலும் அம்மருந்து முற்றும் நீங்காது. ஒருவர் வீட்டுப் பால் சங்கத்தில் எல்லார் வீட்டுப் பாலோடும் கலக்கிறது என்பதை மறக்கலாகாது.

ஆகவே மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை ஊற்றலாகாது என்று உறையில் அச்சிட வேண்டுமென 2012இல் விதி செய்யப்பட்டது. மருந்துக்கென நாள் குறிக்கப்படாவிடில் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாட்கள், இறைச்சிக்கு 28 நாட்கள் விலக்கி வைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தவர் இப்பொடி எழுத்தைப் படிப்பதில்லை. மருத்துவர் வாயால் சொன்னால் மனத்தில் நிற்கும்.

கழுகுகள் கற்பித்த பாடம்

மாட்டுக்குப் போட்ட வலி மருந்து ஒன்று வானத்துப் பறவைகளை அழித்த கதையையும் கேளுங்கள். 1990களில் இந்தியாவெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. 'டைக்ளோபினாக்' ஊசி போட்ட மாடு இறந்தபின் அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டதே காரணம் என்று 2004இல் அறிஞர்கள் நிறுவினர். 2006இல் அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. ஆயினும் மனிதருக்கென விற்ற பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்கவில்லை. எனவே 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தையும் ஒரு வேளைக்குரிய சிறு புட்டியில்தான் விற்கலாம் என ஆணை பிறந்தது. 2023இல் 'கீட்டோபுரோபென்', 'அசிக்ளோபினாக்' ஆகியனவும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கு செய்யாத 'மெலாக்சிகாம்' இருக்கிறது. எதை விலக்கி எதை எழுதுவது என்பது மருத்துவர் அறிந்தது. விலைப் பட்டியலைப் பார்ப்பவர் அறியாதது.

சட்டமும் சிக்கனமும்

மருந்துச் சட்டம் 1940ஆம் ஆண்டினது; அதன் விதிகள் 1945இல் வந்தன. அவ்விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கலாகாது. கடைக்கு ஒரு நீதி, கைப்பேசிக்கு ஒரு நீதி என்பதில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை செய்ய உரியவர்.

"மருத்துவர் தொலைவில் இருக்கிறார், நேரத்துக்குக் கிடைப்பதில்லை, இணையத்தில் விலையும் குறைவு" என்று நீங்கள் கூறுவீர்கள். இம்முறையீட்டில் நியாயம் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த தவறான மருந்தைவிடச் செலவு மிக்கது வேறில்லை. 1962 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். கோமாரித் தடுப்பூசியை அரசே போடுகிறது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் போடப்படுகிறது. இவற்றைத் தனியே தருவிக்க வேண்டியதில்லை. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டுவது. சித்திரை வெயிலில் பொட்டல வண்டியில் கிடந்தது வெறும் நீருக்குச் சமம்.

இணையத்தில் எதையுமே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கயிறு, தூரிகை, தாது உப்புக் கலவை போன்றவற்றைத் தரம் பார்த்து வாங்கலாம். மருத்துவர் எழுதிய மருந்து அருகில் கிடைக்காவிடில், சீட்டைக் காட்டி உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் தருவிக்கலாம். அப்போது கால்நடைக்கு மட்டும் என்ற குறிப்பு, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். முன்னரே ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதன் உறையை மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். அவர் கோபிக்கக் கூடும். ஆனால் உங்கள் மாடு பிழைக்கும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பால் சங்கத்தின் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் 1962 என்ற எண்ணையும், அருகிலுள்ள கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவ முகாம் வேண்டுமெனக் கிராம சபையில் தீர்மானம் இயற்றித் துறைக்கு அனுப்புங்கள்; மருத்துவர் வராத குறை இருந்தால் அதையும் அங்கேயே பதிவு செய்யுங்கள். மருந்து பெற்ற பசுவின் பாலை விலக்கி வைப்பவரைச் சங்கத்தில் இழிவாகப் பேசாமல், நேர்மையாளர் என்று போற்றுங்கள்.

ஓசூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் அனுப்புங்கள். "பசு சோர்ந்து கிடக்கிறது" என்று தாய் அழைத்தால், கையிலுள்ள கைப்பேசியை நல்வழியில் பயன்படுத்தட்டும். மருந்துக் கடையைத் தேடுமுன் மருத்துவரை அழைக்கட்டும். பொட்டலம் பிறகு வரலாம். முதலில் பசுவைப் பார்க்கும் கண்ணும் தொடும் கையும் வரட்டும்.