வீட்டில் போடும் சத்து ஊசி



ஆவடியை ஒட்டிய வெள்ளானூர் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பாதம் மதமதன்னு இருக்கு, ராத்திரியில கால் எரியுது, நாலு படி ஏறினா அசதி" என்று யாராவது ஒருவர் சொல்வார். பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று வந்திருக்கும். முதலில் சில ஊசிகள் அடுத்தடுத்து, பிறகு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று டாக்டர் எழுதியிருப்பார். ஒவ்வொரு ஊசிக்கும் ஆவடிக்குப் பஸ் ஏறி, கிளினிக்கில் காத்திருந்து திரும்புவதற்குள் அரை நாள் வேலை போய்விடும். அதனால்தான் பலர், மருந்தும் சிரிஞ்சும் மெடிக்கலில் கிடைக்கும்போது வீட்டிலேயே போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில் பிரிட்டனில் பி12 ஊசிக்கு மருத்துவமனைக்குப் போக முடியாத பலர் வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளக் கற்றார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்களும் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு முதலில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார். அளவும் நாளும் சீட்டில் இருக்கும். கடையில் "சத்து ஊசி ரெண்டு கொடுங்க" என்று வாங்கி, பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டுக் குத்தச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பி12 ஏன் குறைந்தது என்று கேட்காமல் ஊசியில் இறங்குவதுதான் பெரிய பிழை. இந்தச் சத்து பாலிலும் தயிரிலும் முட்டை, மீன், இறைச்சியிலும்தான் இருக்கிறது, காய்கறியில் கிடைக்காது. சைவச் சாப்பாட்டில் பாலும் குறைந்தால் சத்தும் குறையும். சிலருக்கு வயிறும் குடலும் அதை உறிஞ்சுவதில்லை. இன்னொரு காரணம் நம் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது: சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின். பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அவர்களில் கால் மரத்துப்போகிறவர்கள், 'சர்க்கரைதான் காரணம்' என்று இருந்துவிடுகிறார்கள். பி12 குறைவும் அதே மதமதப்பைத் தரும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அவருடைய குழுதான் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ரத்தசோகையில் தவித்த எத்தனையோ பேருக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் பி12 குறைந்த ஒருவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும். பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்தான். அசதி என்றதும் கைக்குக் கிடைத்த சத்து மாத்திரையை விழுங்குவது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். ஊசி மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பியான ஓர் ஆம்பூலில் 500, 1000, 1500 மைக்ரோகிராம் என்று இருக்கும். கல்லீரல் இதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். பலருக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். உறிஞ்சும் திறன் கெட்ட குடலும் அதில் நூற்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதுவே நாளின் தேவைக்கு மேல். சுவீடனில் வெகுகாலமாக மாத்திரைதான் வழக்கம். ஆனால் நரம்பு பாதித்தவர்களுக்கு ஊசி அவசியம், தட்டிக்கழிக்கக் கூடாது.

டாக்டர் ஒப்புதலோடு வீட்டில் போடுவதாக இருந்தால் கையைக் கழுவுங்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மருந்து பழுப்புக் கண்ணாடி ஆம்பூலில் வரும். உள்ளே சிவப்பாக இருக்கும். ஆம்பூலின் கழுத்தில் பஞ்சைச் சுற்றி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உடையுங்கள். இடம், தொடையின் வெளிப்பக்கம். புட்டத்தில் தப்பான இடத்தில் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு அடிபட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். முதல் ஊசியை மட்டும் மருத்துவமனையிலேயே போடுங்கள். பி1 கலந்த கலவை ஊசிகளில் அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே கால் மதமதப்பைக் கொண்டுவரும்.

6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியை நீங்களாக வாங்கித் தொடவே கூடாது. பி12 போலச் சிறுநீரில் போய்விடாமல், டி கொழுப்பில் தங்கும். அடிக்கடி போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதாகும்.

ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்கு ஆகாது. 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் ஊசிகளைத் திரும்பப் பயன்படுத்தியதால் மஞ்சள் காமாலை பரவிப் பலர் இறந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குத்திய ஊசியைக் குப்பைப் பையில் போடாதீர்கள். காலையில் அந்தப் பையைக் கையால் பிரிக்கிறவர் நம் தெருத் தூய்மைப் பணியாளர். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இறுக மூடி, 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.