கியர் பெட்டிக்குப் புது எண்ணெய்



இந்தியாவில் வயலையும் சந்தையையும் இணைப்பது பல இடங்களில் சின்ன பிக்அப் வண்டிதான். மகாராஷ்டிரத்தில் லாசல்காவ் சந்தைக்கு அது வெங்காயம் ஏற்றிப் போகிறது. கர்நாடகத்தில் கோலார் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் நார்கண்டா மலையிலிருந்து ஆப்பிள் இறக்குகிறது. ஒரு வண்டி ஓடினால் ஒரு குடும்பம் சாப்பிடும். பல வண்டிகள் கடனில் வாங்கியவை. வண்டி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை.

வண்டிக்காரர்கள் எஞ்சின் ஆயிலை நினைவாக மாற்றுகிறார்கள். கியர் பெட்டியின் எண்ணெயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஆயிலைப் பார்க்க அளவுக்குச்சி உண்டு. கியர் பெட்டிக்குப் பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை. கண்ணில் படாதது கருத்திலும் படுவதில்லை. கியர் பெட்டி கெட்டுப்போனால் செலவு பெரிது. எண்ணெய் மாற்றும் செலவு சிறிது.

எண்ணெய் என்ன செய்கிறது?

கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பற்சக்கரம் மற்றொன்றைக் கடித்துச் சுழலும். கியர் பெட்டிக்குள்ளும் அப்படித்தான். ஆனால் சுழலும் வேகம் மிக அதிகம். ஒரு டன் சுமையோடு வண்டி மேடு ஏறும்போது, அந்தப் பளு முழுவதும் சில பற்களின் மேல் விழுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசாதபடி எண்ணெய் நடுவில் மெல்லிய படலமாக நிற்கிறது. உரசலில் பிறக்கும் சூட்டையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. தேயும் உலோகத் தூளையும் சுமந்து செல்கிறது.

நாளாக நாளாக எண்ணெய் தன் வலுவை இழக்கும். தூளும் சேரும். அப்போது கியர் விழ மறுக்கும். மாற்றும்போது கரகரவென்று சத்தம் வரும். கிளட்ச் கோளாறினாலும் இதே தொல்லை வரலாம். எனவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? இது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டி வாங்கும்போது தந்த கையேட்டில் அந்த எண் இருக்கும். தினமும் முழுப் பாரம் ஏற்றுபவர், மலைப்பாதையில் ஓட்டுபவர் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது. வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால் காத்திருக்கவே கூடாது.

டப்பாவைப் படியுங்கள்

எழுத்தறிவு கைகொடுக்கும் இடம் இது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்க வேண்டியதில்லை. டப்பாவின் மேல் 80 டபிள்யூ 90 என்றோ 75 டபிள்யூ 90 என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது எண் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும்.

அடுத்து ஜி.எல். 4 அல்லது ஜி.எல். 5 என்று இருக்கும். பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜி.எல். 5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த பொருள்கள் கூடுதலாக உண்டு. பின் அச்சில் உள்ள பற்சக்கரங்களுக்கு அது தேவை. கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும். கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்பவை அவை. சில ஜி.எல். 5 எண்ணெய்கள் அந்த வளையங்களை அரித்துவிடும். வளையம் போனால் கியர் சரியாக விழாது. சில வண்டிகளின் கியர் பெட்டிக்கு வேறு வகை எண்ணெயே தேவைப்படும். எனவே கையேட்டில் உள்ள எழுத்தும் டப்பாவில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உயிர் முதலில்

கியர் பெட்டி வண்டியின் அடியில் இருக்கிறது. வேலை செய்பவர் வண்டிக்கு அடியில் போகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு அல்ல. ஜாக்கி நழுவினால் வண்டி அப்படியே மார்பில் இறங்கும். கூப்பிடக்கூட நேரம் இருக்காது. செங்கல்லையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. செங்கல் திடீரென்று நொறுங்கும்.

பட்டறையில் உள்ள குழியின் மேல் வண்டியை நிறுத்துவது நல்லது. குழி இல்லையென்றால் கெட்டியான சமதரையில் இரும்புத் தாங்கிகளை வைக்க வேண்டும். கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் எண்ணெய் அளவு தவறாகும்.

வேலை செய்யும் முறை

முதலில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வாருங்கள். எண்ணெய் இளகி, தூளோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறக்காதீர்கள். கை வெந்துவிடும்.

கியர் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு மூடிகள் இருக்கும். பக்கவாட்டில் இருப்பது எண்ணெய் ஊற்றும் மூடி. கீழே இருப்பது வடிக்கும் மூடி. எப்போதும் மேல் மூடியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழ் மூடியை முதலில் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேல் மூடி துருப்பிடித்துக் கழலவில்லை. அப்போது எண்ணெய் ஊற்ற வழியில்லை. வண்டியை ஓட்டவும் முடியாது.

மேல் மூடி கழன்றதும், கீழே தட்டு வைத்துக் கீழ் மூடியைத் திறங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுத்திருங்கள். இறங்கிய எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்கள். பல மூடிகளின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லு அல்லது பல்லின் துண்டு கிடைத்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பொன்னிறத் துகள் மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

மூடியைத் துடைத்து, புது வாஷர் போட்டு முடுக்குங்கள். பலம் முழுவதையும் காட்டினால் மரை போய்விடும். கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கினால் போதும். பிறகு பக்கவாட்டுத் துளை வழியாகக் கைப்பம்பினால் எண்ணெய் ஏற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் துளையின் விளிம்பு வரை வந்து வழிய ஆரம்பித்தால் அளவு சரி. அதையும் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேல் மூடியைப் பூட்டி, வண்டியை ஓட்டிவந்து, கசிவு உண்டா என்று பாருங்கள்.

பழைய எண்ணெய் எங்கே போகும்?

பட்டறைக்குப் பின்னால் கொட்டினால் அது மண்ணில் இறங்கும். மழைநீரோடு கிணற்றுக்கும் குளத்துக்கும் போகும். குடிக்கும் தண்ணீர் கெடும். வாய்க்காலில் விடுவதும் அடுப்பில் எரிப்பதும் தவறு. அபாயக் கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. அதை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள். அனுமதி பெற்றவர்களுக்குக் கழிவு எண்ணெய் கொடுக்கும் பட்டறையில் அதை ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு வரி எழுதி வையுங்கள்

எல்லோராலும் இந்த வேலையைத் தாமே செய்ய முடியாது. பட்டறையில் கொடுப்பவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். டப்பா தம் கண்முன்னே திறக்கப்படுகிறதா என்று கவனிக்கலாம். ரசீதில் எண்ணெயின் வகையும் அளவும் எழுதச் சொல்லலாம். அதைப் படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.

வண்டிக்குள் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் பெயர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர் ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். கற்ற எழுத்து ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும்.